எச்எஸ்சியில் ஆர்ட் அண்ட் டிசைன்: மொரீஷியஸ் மாணவருக்கு ஒரு முழு வழிகாட்டி

எஸ்சி, அதாவது கிரேடு 11 முடிவில் எழுதும் ஸ்கூல் சர்டிஃபிகேட் தேர்வின் முடிவுகள் வந்த வாரத்தில் என் தொலைபேசி ஓயாது. "சார், மகள் எச்எஸ்சிக்கு ஆர்ட் எடுப்பேன் என்று நிற்கிறாள், எடுக்கலாமா?" எச்எஸ்சி என்றால் அதற்கடுத்த இரண்டு வருட ஹையர் ஸ்கூல் சர்டிஃபிகேட் படிப்பு. கேட்பது பெரும்பாலும் அம்மா. பின்னாலிருந்து அப்பாவின் குரலும் காதில் விழும்: "சோற்றுக்கு என்ன வழி என்று கேள்." பேச்செல்லாம் கிரியோலில்தான். ஆனாலும் பள்ளியில் தமிழ் படித்து, தமிழில் வாசிக்கப் பிடித்த பிள்ளைகளும் பெற்றோரும் இந்தத் தீவில் இருக்கிறார்கள். ரோஸ் ஹில்லில் ஒரு சின்ன அறையில் பல வருடங்களாக ஆர்ட் லெசோன் (தனி வகுப்பு) நடத்தியதில் நான் திரும்பத் திரும்பச் சொல்வதை அவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

அந்த அப்பாக்களுக்கு என்னிடம் ஒரு பதில் உண்டு. பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரிப் பக்கமிருந்து இங்கே முதலில் வந்த தமிழர்களில் பலர் கல்தச்சர், மரத்தச்சர் போன்ற கைவினைஞர்கள். கைத்தொழில் தெரிந்தவர் என்பதால்தான் அழைத்து வரப்பட்டார்கள். சரி, அது பழங்கதை. விஷயத்துக்கு வருவோம்.

1. எடுப்பதா வேண்டாமா

எச்எஸ்சியில் மூன்று பாடங்கள் மெயின், அதாவது முழு ஏ லெவல் பாடங்கள். அவற்றோடு சப்ஸிடியரி (துணைப்) பாடங்களும் ஜெனரல் பேப்பர் என்ற பொதுத்தாளும். ஆர்ட்டை மெயினாகவும் எடுக்கலாம், சப்ஸிடியரியாகவும் எடுக்கலாம். கட்டடக் கலைக்குப் போகும் எண்ணம் இருந்தால் ஆர்ட்டோடு கணிதம் சேர்ந்திருப்பது நல்லது. கிராஃபிக் டிசைன், விளம்பரம் என்றால் எதோடும் சேர்க்கலாம். ஆர்ட்டும் தமிழும் சேர்த்து எடுத்த ஒரு பெண் என்னிடம் படித்தாள். இரண்டுக்கும் ஒரே ஸ்கெட்ச் புத்தகத்தைத்தான் வைத்திருந்தாள்.

டிசைன் அண்ட் டெக்னாலஜி வேறு பாடம். பெயரில் டிசைன் இருப்பதால் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

"எனக்கு வரையக் கை வராதே" என்பவர்களுக்கு ஒரு சோதனை. உங்கள் பள்ளிக்கூடச் சப்பாத்து ஒன்றை எடுத்து மேசைமேல் வையுங்கள். முப்பது நாள், தினம் இருபது நிமிடம், அதையே வரையுங்கள். முப்பதாவது படம் நன்றாக வந்ததா என்பது எனக்கு முக்கியமில்லை. பத்தாம் நாளில் அலுத்துப்போய் நிறுத்தினீர்களா, இல்லை சப்பாத்தைத் திருப்பி அடிப்பாகத்தை வரைய ஆரம்பித்தீர்களா? திருப்பியவர்கள் இந்தப் பாடத்தில் தேறிவிடுவார்கள்.

2. தேர்வு எப்படி அமைந்திருக்கிறது

இங்கே எழுதப்படுவது கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பின் 9479 என்ற எண்ணுள்ள பாடத்திட்டம். அதில் மூன்று பகுதிகள்.

முதலாவது கோர்ஸ்வொர்க். ஒரு தலைப்பை எடுத்து மாதக்கணக்கில் வளர்த்து, அந்த ஆய்வுத் தாள்களையும் ஓர் இறுதிப் படைப்பையும் தருவது. இரண்டாவது, வெளியிலிருந்து வரும் கேள்வித்தாள். அதில் தலைப்புகள் முன்கூட்டியே கைக்குக் கிடைக்கும், தயாரிப்பை நீங்கள் செய்துவிடலாம். பிறகு கண்காணிப்பில் 15 மணி நேரம் உட்கார்ந்து இறுதிப் படைப்பை முடிக்க வேண்டும். மூன்றாவது தனிப்பட்ட ஆய்வு. நீங்களே தேர்ந்த ஒரு விஷயத்தைப் பற்றிய படைப்புகளும், அவற்றோடு ஒட்டிய 1000 முதல் 1500 சொல் கட்டுரையும்.

முதல் இரண்டும் சேர்ந்து ஏஎஸ் நிலை, அதாவது ஏ லெவலின் முதல் பாதி. முழு ஏ லெவலில் அவை ஆளுக்கு 25 சதவீதம். மூன்றாவது பகுதி மட்டும் 50 சதவீதம். இதைக் கவனிக்காமல் முதல் வருடம் முழுவதும் கோர்ஸ்வொர்க் இறுதிப் படத்தை மெருகேற்றிக்கொண்டே இருந்துவிட்டு, பாதி மதிப்பெண் உள்ள ஆய்வை அவசர அவசரமாக முடிப்பவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு.

மதிப்பெண் நான்கு விஷயங்களுக்கு: பார்த்ததைப் பதிவது, பொருள்களையும் முறைகளையும் சோதித்துப் பார்ப்பது, எண்ணத்தை வளர்ப்பது, தன் குரலில் முடித்துக் காட்டுவது. இறுதிப் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது இந்த நான்கில் ஒன்றைத்தான் பெரிதும் நிரப்பும். அந்தப் படம் எந்த வழியாக வந்தது என்பதற்குத்தான் மற்ற மூன்றும். வழி தாளில் தெரிய வேண்டும். உங்கள் மண்டைக்குள் நடந்தது திருத்துபவருக்குத் தெரியாது.

3. துறையைத் தேர்வது

ஓவியம் முதலிய நுண்கலை, கிராஃபிக் கம்யூனிகேஷன், முப்பரிமாண வடிவமைப்பு, துணியும் ஃபேஷனும் என நான்கு துறைகள். நம் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு ஓவியத்துக்குப் போகிறார்கள். கை களிமண்ணில் நன்றாக ஓடும் பையன் எதற்கு எண்ணெய் வண்ணத்தோடு மல்லுக்கட்ட வேண்டும்? இரண்டு மாதம் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

4. பொருள்கள்

கொஞ்சம் போதும். 2பி, 4பி, 6பி பென்சில்கள், கரி, ஒரு கறுப்பு மைப் பேனா, அக்ரிலிக்கில் மூன்று முதன்மை நிறங்களோடு வெள்ளையும் கறுப்பும், தட்டையான பிரஷ் இரண்டு, உருண்டை பிரஷ் இரண்டு. தாள் மட்டும் நல்லதாக வாங்குங்கள், சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையாவது இருக்கட்டும். மெல்லிய தாளில் ஈர வண்ணம் பட்டால் அப்பளம் போல அலையடிக்கும். ஏ2 அளவு என்றால் 420க்கு 594 மில்லிமீட்டர். அதற்கேற்ற அட்டைக் கோப்பை முதல் மாதமே வாங்கிவிடுங்கள்.

கரிப் படம் அழியாமல் இருக்கத் தெளிக்கும் ஃபிக்ஸட்டிவ் விலை கூடுதல் என்றால் ஹேர் ஸ்ப்ரே போதும். நாளடைவில் மஞ்சளிக்கும், ஆனால் தேர்வு வரை தாங்கும். தபாஜியில் (தெருமுனைக் கடையில்) கிடைக்கும் பழுப்புப் பொட்டலத் தாளும் அருமையான வரைதாள்தான். வெள்ளைக் கரியால் அதில் வெளிச்சத்தை மட்டும் வரைந்து பாருங்கள்.

வெளிச்சம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் எழுதிய புத்தகங்கள் எல்லாம் 'வடக்குச் சன்னல் அருகே வரையுங்கள்' என்று சொல்லும். நேர் வெயில் படாத, நாள் முழுக்க மாறாத ஒளி வேண்டும் என்பது காரணம். நாம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கிறோம். இங்கே வடக்குச் சன்னலில்தான் வெயில் அடிக்கும், நமக்குத் தெற்குச் சன்னல். அதிலும் ஒரு விதிவிலக்கு: டிசம்பரை ஒட்டிய சில வாரங்கள் சூரியன் நம் தலைக்கும் கொஞ்சம் தெற்கே போய்விடுவதால் தெற்குச் சன்னலிலும் வெயில் எட்டிப் பார்க்கும். அப்போது ஒரு வெள்ளைத் துணியைத் தொங்கவிடுங்கள்.

5. எதைப் பார்ப்பது

இணையத்தில் எடுத்த புகைப்படத்தைப் பார்த்து வரைந்தால் எவ்வளவு நன்றாக வரைந்தாலும் மதிப்பெண் ஏறாது. கண்ணால் நேரில் பார்த்து வரைந்ததற்குத்தான் மதிப்பு. ஸ்கெட்ச் புத்தகத்தோடு வெளியே போங்கள்.

போர்ட் லூயிஸ் மத்தியச் சந்தையில் காய்கறிக் குவியலைவிட எனக்குப் பிடித்தது இரும்புக் கதவில் இருக்கும் விக்டோரியா ராணியின் முதலெழுத்துகள். பழைய கிரியோல் வீடுகளின் கூரை ஓரத்தில் தொங்கும் லாம்ப்ரெக்கான் தகர வேலைப்பாடு துணி வடிவமைப்புக்கு அப்படியே கிடைத்த வரம். குயூர்பிப்பில் ப்ரோஸ்பேர் டெபினே என்ற சிற்பி செய்த, நாவல் காதலர்களான பால்-வர்ஜினியின் வெண்கலச் சிலையைச் சுற்றிச் சுற்றி எட்டுக் கோணத்தில் வரையுங்கள், உடலின் எடை எந்தக் காலில் இறங்குகிறது என்பது புரியும். கோவில் கோபுரத்துக்கு வண்ணம் பூசும் வேலை எங்கேயாவது நடந்தால் விடாதீர்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த ஸ்தபதிகள் சிமெண்ட் உருவத்துக்குக் கண் திறப்பதை மூங்கில் சாரத்துக்குக் கீழே நின்று பார்க்கும் வாய்ப்பு எல்லா வருடமும் வராது.

ஒரு எச்சரிக்கை. தைப்பூசக் காவடியின்போது அலகு குத்திய பக்தர் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள். விரதத்தில் இருக்கிற மனிதர், உங்கள் கோர்ஸ்வொர்க் அல்ல. கேட்டுவிட்டு எடுங்கள், அல்லது தள்ளி நின்று வரையுங்கள்.

6. வளர்ப்பது: இங்கேதான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள்

பார்த்ததை வரைந்துவிடுவார்கள். இறுதிப் படத்தையும் வரைந்துவிடுவார்கள். நடுவில் ஒன்றுமே இருக்காது. நடுப்பகுதி என்றால் என்ன என்று சொல்லிப் புரிய வைப்பதைவிட ஒரு பையன் செய்ததைச் சொல்கிறேன்.

அவன் எடுத்தது முப்பரிமாண வடிவமைப்பு. பொருள்: காவடி. காவடியை ஓவியமாக வரைவார்கள் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். வளைந்த கம்பு, மயிலிறகு, செம்பு, முடிந்தது. இவன் காவடிக்கு முந்தின நாள் மாலை மாமா வீட்டுக்குப் போனான். அங்கே ஐந்தாறு பேர் உட்கார்ந்து பூவும் எலுமிச்சை இலையும் வைத்துக் காவடி கட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் காவடியை வரையவில்லை. கட்டுகிற கைகளை வரைந்தான். பிறகு முடிச்சுகளை, ஒவ்வொன்றாக. அப்புறம் மாமாவின் தோளை: குறுக்குக் கம்பு எங்கே அழுந்துகிறது, துணியை எங்கே மடித்து வைக்கிறார் என்று.

அடுத்த இரண்டு வாரம் மூங்கில். பிளந்த மூங்கிலை அப்படியே வளைத்தான், முறிந்தது. ஒரு இரவு ஊறவைத்து வளைத்தான், கொஞ்சம் வந்தது. இன்னும் மெல்லியதாகச் சீவி, வெந்நீரில் வைத்து, ஒரு வாளியைச் சுற்றிக் கட்டிக் காயவிட்டான், வளைவு நின்றது. முறிந்த துண்டுகளைத் தூக்கி எறியப் போனவனைத் தடுத்து, அவற்றைத் தாளிலேயே ஒட்டச் சொன்னேன். பக்கத்தில் எவ்வளவு தடிமன், எவ்வளவு நேரம் ஊறியது என்று இரண்டு வரி. அந்தத் தாளின் உயிரே அந்த முறிந்த மூங்கில்தான்.

பிறகு, இதே பொருள்களோடு வேறு யார் வேலை செய்திருக்கிறார்கள் என்று தேடினான். இசாமு நோகுச்சி 1951இலிருந்து ஜப்பானில் மூங்கிலும் காகிதமும் கொண்டு செய்த அகாரி விளக்குகள் கிடைத்தன. அவற்றைப் பார்த்து வரைந்ததோடு நிற்காமல், மூங்கில் வளையங்களுக்கு நடுவில் இருக்கும் இடைவெளி மாறினால் நிழல் எப்படி மாறுகிறது என்று கைபேசி விளக்கை வைத்துச் சோதித்தான். இறுதியில் செய்தது ஒரு தொங்கு விளக்கு. பார்த்தால் காவடி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த வளைவும் முடிச்சும் மாமாவின் தோளிலிருந்து வந்தவை என்பது தாள்களைப் புரட்டினால் தெரியும். முதலில் செய்த விளக்கு சரிந்து விழுந்தது, அதன் புகைப்படமும் உள்ளே இருந்தது.

ஓவியத்துக்கும் இதே கணக்குதான். ஒரே பொருளை நான்கு ஊடகத்தில் செய்யுங்கள். வெட்டி ஒட்டுங்கள். ஒரு மூலையை மட்டும் பத்து மடங்கு பெரிதாக்குங்கள். மூன்று வேறு அமைப்புகளைச் சிறு கட்டங்களில் போட்டு, ஏன் இரண்டாவதைத் தேர்ந்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். பக்கத்துக் குறிப்பில் 'இந்தப் பூ மிக அழகாக இருந்தது' என்று எழுதாதீர்கள். 'கரி இங்கே அழிகிறது, அதனால் மைக்கு மாறினேன்' என்று எழுதுங்கள். யோசிப்பது தமிழிலோ கிரியோலிலோ இருக்கட்டும், குறிப்பு ஆங்கிலத்தில் இருக்க வேண்டும்.

ஓவியரைப் பின்பற்றுவது பற்றி. வாக்கோ பைசாக் நம் தீவின் அன்பான ஓவியர். கறுப்புக் கோட்டுக்குள் தட்டையான நிறம், கண்ணாடிச் சன்னல் மாதிரி. பார்க்க எளிதாக இருப்பதால் பாதிப் பிள்ளைகள் அப்படியே செய்கிறார்கள். அவர் படத்தை நகல் எடுக்காதீர்கள். கறுப்புக் கோடு அங்கே என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். கோட்டை எடுத்துவிட்டு அதே நிறங்களை வைத்தால் என்ன ஆகிறது? இந்தக் கேள்வியை உங்கள் சொந்தச் சந்தைப் படத்தில் கேட்டால் அது ஆய்வு.

7. தனிப்பட்ட ஆய்வு

பாதி மதிப்பெண் இங்கே. கட்டுரையும் படைப்பும் ஒன்றையொன்று தள்ள வேண்டும். பக்கம் பக்கமாக ஓர் ஓவியரின் வாழ்க்கை வரலாற்றை எழுதிவிட்டு, தனியே நான்கு படம் வரைந்து வைப்பது வீண். தலைப்பு சின்னதாக இருக்கட்டும். 'மொரீஷியஸ் கலை' தலைப்பே அல்ல. கீழே இரண்டு உதாரணம், யாராவது எடுத்துக்கொண்டால் எனக்குச் சந்தோஷம்.

கிராஃபிக் துறைக்கு: பையிலிருந்து ஒரு நூறு ரூபாய் நோட்டை எடுங்கள். நம் தமிழ் அரசியல் தலைவர் ரங்கநாதன் சீனிவாசன் படம் இருக்கும். அதில் ஆங்கிலம், தமிழ், ஹிந்தி என்று மூன்று மொழிகளின் எழுத்துகள். 1998 நவம்பரில் வெளிவந்த நோட்டுகளில் ஹிந்திக்குப் பின்னால் தமிழ் போனது. நம்மவர்கள் கொதித்தெழுந்தார்கள், அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன, 1999இல் தமிழ் தன் பழைய இடத்துக்கு வந்தது. ஒரு சின்னச் செவ்வகத்தில் எது மேலே, எது கீழே என்பது ஒரு சமூகத்தையே தெருவுக்கு இழுத்தது என்றால், எழுத்தின் இடம் பற்றிய ஆய்வுக்கு இதைவிட என்ன வேண்டும்? தமிழ் எழுத்துக்கு மேலே சுழியும் விசிறியும் வரும், கீழே 'கு', 'மு' வால் இறங்கும். ரோமன் எழுத்துக்குப் போதுமான வரி இடைவெளி தமிழுக்கு மூச்சு முட்டும். மூன்று எழுத்தையும் ஒரே உயரத்தில் எழுதிப் பாருங்கள், தமிழ் சின்னதாகத் தெரியும். ஏன் என்று கண்டுபிடிப்பதே முதல் அத்தியாயம். உங்கள் கோவில் விழா அறிவிப்பையோ பேருந்து நிறுத்தப் பலகையையோ மூன்று மொழியில் மறுபடி வடிவமைப்பது இறுதிப் படைப்பு ஆகலாம். போர்ட் லூயிஸ் துறைமுகக் கரையில், காடானில் உள்ள ப்ளூ பென்னி அருங்காட்சியகத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். 1847இல் ஜோசப் ஆஸ்மண்ட் பர்னார்ட் செதுக்கிய அஞ்சல் தலைகளை எட்ட நின்று பார்த்தால், இவ்வளவு சின்ன இடத்தில் ஒருவர் எத்தனை முடிவுகள் எடுத்திருக்கிறார் என்று தோன்றும். மூலத் தலைகளுக்குக் கொஞ்ச நேரம்தான் விளக்குப் போடுவார்கள், ஒளி பட்டால் நிறம் மங்கும் என்பதால். நேரம் கேட்டுப் போங்கள்.

முப்பரிமாணத்துக்கு: பாம்ப்ளேமூஸ் தோட்டத்தின் ராட்சத அல்லி இலை. எல்லோரும் மேல்பக்கத்தைப் புகைப்படம் எடுப்பார்கள். அதன் கீழ்ப்பக்கத்தில்தான் விஷயம் இருக்கிறது. நடுவிலிருந்து விரியும் தடித்த நரம்புகள், அவற்றைக் குறுக்கே பிணைக்கும் மெல்லியவை. இங்கிலாந்தில் ஜோசப் பாக்ஸ்டன் 1849இல் இந்த அல்லியைப் பூக்கவைத்தார். 1851இல் லண்டனில் அவர் எழுப்பிய கண்ணாடி மாளிகைக்கு இந்த நரம்பு அமைப்பே தூண்டுகோல் என்று அவரே சொன்னார். அட்டைத் துண்டுகளை வைத்து நீங்களும் ஓர் இலையைக் கட்டி, எத்தனை புத்தகம் தாங்குகிறது என்று பாருங்கள்.

கட்டுரையைக் கடைசியில் எழுதாதீர்கள். ஒவ்வொரு சோதனை முடிந்ததும் நூறு சொல் எழுதி வையுங்கள். பத்துப் பன்னிரண்டு சோதனையில் கட்டுரை தானாகச் சேர்ந்திருக்கும், பிறகு வெட்டுவதுதான் வேலை.

8. பதினைந்து மணி நேரம்

பல அமர்வுகளாகத்தான் நடக்கும், ஒரே மூச்சில் அல்ல. தயாரிப்புத் தாள்களை உள்ளே கொண்டு போகலாம். அதனால் என்ன செய்யப் போகிறோம் என்பதில் சந்தேகத்தோடு உள்ளே போவது தற்கொலைக்குச் சமம். வீட்டில் ஒருமுறை கடிகாரம் வைத்துப் பாதி அளவில் முழுதாகச் செய்து பாருங்கள். எண்ணெய் வண்ணம் காயாது, மறந்துவிடுங்கள். அக்ரிலிக் நம் வெயிலில் தட்டிலேயே காய்ந்துவிடும், ஈரத் துணியால் மூடி வையுங்கள். கடைசி மணி நேரத்தில் புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். நான் என் தேர்வில் சேர்த்தேன். நன்றாக இருந்த வானத்தில் ஒரு பறவை.

9. காப்பாற்றுவது

நான் குயூர்பிப்பில் வளர்ந்தவன். அங்கே மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கிரேடு 13 ஆரம்பத்தில், என் தாள்களை எல்லாம் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டிக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். ஈரம் படக் கூடாது என்ற புத்திசாலித்தனம். ஒரு மாதம் கழித்துப் பிரித்தால் ஆறு தாளில் பச்சைப் பூசணம். உள்ளே இருந்த ஈரம் வெளியே போக வழியில்லாமல் அடைத்துவிட்டேன். தாளைக் காற்றாட வையுங்கள். தரையிலிருந்து உயரமாக, சுவரை ஒட்டாமல். இடையிடையே வெள்ளை டிஷ்யூ தாள் வைக்கலாம், செய்தித்தாள் வேண்டாம், அதன் மஞ்சள் ஒட்டிக்கொள்ளும்.

முடிக்கிற ஒவ்வொரு தாளையும் அன்றே புகைப்படம் எடுங்கள். நேர் வெயிலில் அல்ல, வராந்தா நிழலில், தாளைச் சுவரில் நிமிர்த்தி, கேமராவைத் தாளின் நடுவுக்கு நேரே பிடித்து. இரண்டு இடத்தில் சேமியுங்கள். சூறாவளிப் பருவம் பள்ளி வருடத்தின் தொடக்க மாதங்களில்தான் வருகிறது. எச்சரிக்கை மூன்றாம் எண்ணுக்கு ஏறிய பிறகு கோப்பை எங்கே வைப்பது என்று தேடக் கூடாது.

10. எச்எஸ்சிக்குப் பிறகு

மோகாவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் நுண்கலைப் பட்டம் படிக்கலாம். வடிவமைப்பு, ஃபேஷன் என்றால் ஃபேஷன் அண்ட் டிசைன் இன்ஸ்டிடியூட். 2019 முதல் அரசு உயர்கல்வி நிறுவனங்களில் முதல் பட்டப் படிப்புக்குக் கட்டணமில்லை என்பதை அந்த அப்பாக்களுக்கு மறக்காமல் சொல்லுங்கள். கட்டடக் கலைக்குப் பிரான்ஸின் நாந்த் நகரப் பள்ளியின் கிளை இங்கேயே இருக்கிறது. பிரெஞ்சு நன்றாக வருமென்றால் பக்கத்து ரீயூனியனில் லெ போர் நகரில் கலைக் கல்லூரி உண்டு. இந்தியாவுக்குப் போக, இந்தியக் கலாச்சார உறவுகள் கவுன்சிலின் (ஐசிசிஆர்) உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். சென்னை எழும்பூர்ப் பக்கத்து அரசு கவின்கலைக் கல்லூரி 1850இல் தொடங்கியது. பிரிட்டன் என்றால் பட்டத்துக்கு முன் ஓராண்டு ஃபவுண்டேஷன் படிப்பு வழக்கம். எல்லாத் துறையையும் தொட்டுப் பார்க்க அது நல்ல ஓராண்டு, ஆனால் செலவு கூடுதல்.

எங்கே போனாலும் போர்ட்ஃபோலியோ கேட்பார்கள். தேர்வுக்குச் செய்ததை அப்படியே அள்ளிக் கொடுக்காதீர்கள். பன்னிரண்டிலிருந்து இருபது படைப்புகள், வலுவானது முதலில், அதற்கு அடுத்த வலுவானது கடைசியில். பள்ளி வேலை அல்லாத, நீங்களாக ஆசைப்பட்டுச் செய்தவை இரண்டு மூன்றாவது இருக்கட்டும். நேர்காணல் இருந்தால் ஸ்கெட்ச் புத்தகத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள், கறை பட்டதாக இருந்தாலும் சரி. அந்த விளக்குப் பையனிடம் நேர்காணலில் இறுதி விளக்கைப் பற்றி ஒரு கேள்விதான் கேட்டார்களாம். மீதி நேரம் முழுக்க முறிந்த மூங்கிலைப் பற்றியே பேச்சு.